பேடு சுத்தமாகத்தான் இருந்தது

ஆயுத பூஜைக்காக இன்று காலை அரிவாள்மணையைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோல், சுத்தியல், ஸ்பேனர்கள், என் மனைவியின் தையல் மிஷின் எல்லாம் முடிந்துவிட்டன. மூக்கு அரித்தது என்று புறங்கையால் தேய்த்தபோது கையிலிருந்த துணி முகத்தில் பட்டுவிட்டது. இரும்பைத் துடைத்த தேங்காயெண்ணெய்க்கு ஒரு வாசனை உண்டு. சமையலறையில் வரும் வாசனை வேறு, இது வேறு. இது வந்தால் கூடவே நீயும் வந்துவிடுகிறாய். ஒன்பது ஆயுத பூஜையாக இப்படித்தான் நடக்கிறது.

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இந்தக் கடிதத்தை எந்த விலாசத்துக்குப் போடுவது என்று தெரியவில்லை. ஆனாலும் இன்று வேன் ஸ்டாண்டில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது. அதற்கு முன்னால் பழைய கதையை முழுதாகச் சொல்லியாக வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் வாயிலிருந்து நீ அதைக் கேட்டதே இல்லை.

மைசூர் அக்ரஹாரத்துப் பின்சந்தில் நம் இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். என் அப்பா காலத்திலேயே நாங்கள் மைசூருக்கு வந்துவிட்டோம். நீ எல்லையோரக் கிராமமான கௌதள்ளியிலிருந்து வந்து சந்து முனையில் தகரக் கொட்டகை போட்டாய். நான் பள்ளிக்கூட வேன் ஓட்டினேன், நீ வண்டி ரிப்பேர் செய்தாய். இருவருக்கும் ஒரே வயது, ஒரே டீக்கடை. எஞ்சின் வேலை, கிளட்ச் வேலை எல்லாம் பேசிக்கொண்டே செய்வாய். பிரேக் வேலை என்றால் மட்டும் உன் வாய் மூடிக்கொள்ளும். கையை சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவுவாய். "கல்யாணத்துக்குப் போறியா?" என்று நான் கிண்டல் செய்வேன். "உன்ற வண்டியில பத்துக் கொழந்தைங்க போகுது. கல்யாணத்துக்குக் கூட இப்பிடிக் கழுவ மாட்டேன்" என்பாய்.

அந்த வருஷம் தசராவுக்கு ஒரு மாதம் முன்னால், பிரேக் மிதித்தால் என் வேன் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பத்துப் பேரும் சேர்ந்து கீச்சென்று கத்துவார்கள். நான் ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன். அதுதான் நான் செய்த ரிப்பேர். ஒரு நாள் சாயங்காலம் நீ சந்து முனையில் வண்டியை மறித்தாய். ஜன்னல் வழியாகக் கையை விட்டு ரேடியோவை நிறுத்தினாய்.

"இதென்ன பாட்டுன்னு நெனச்சியா? பிரேக் பேடு தேய்ஞ்சு போச்சு. அதுல ஒரு சின்னத் தகடு இருக்குது, அது சக்கரத்தோட சுத்தற டிஸ்க்குல ஒரசுது. ஆளுக்குக் கேக்கோணும்னே வெச்சிருக்காங்க. நீ என்னடான்னா அது வாயப் பொத்தறே."

எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அதை மறைக்க, சத்தமே வராத பேடாகப் பார்த்துப் போடு, பிள்ளைகளின் அப்பா அம்மா கேட்கிறார்கள் என்றேன். மறுநாள் நீ மூன்று டப்பாக்களைக் கொட்டகை மேஜையில் வைத்தாய். மூன்றிலும் பழைய பேடை வைத்து அளவு பார்த்தாய். இரும்புத் தகட்டின் வடிவம் ஒரு மயிரிழை மாறினாலும் உள்ளே உட்காராது என்றாய். ஒன்று மெத்தென்று இருக்கும், சத்தமே போடாது, ஆனால் சூடேறினால் பிடி விட்டுப்போகும். இரண்டாவதில் உலோகத் தூள் அதிகம். நாள்பட உழைக்கும், ஆனால் டிஸ்க்கைத் தின்னும், குளிரில் முதல் மிதிக்கு அவ்வளவாகப் பிடிக்காது. "நீ காலைக் குளுருல கெளம்பறே. தெருவுக்குத் தெரு நிக்கறே. மொத மிதியிலயே பிடிக்கோணும். ரேசுக்குப் போறவன் வேற பாத்துக்கட்டும்" என்று சொல்லி மூன்றாவது டப்பாவை என் முன்னால் தள்ளினாய். இடைப்பட்ட ரகம் அது. கொஞ்சம் சத்தம் போடலாம், பொறுத்துக்கொள் என்றாய்.

போட்ட அன்றைக்கு நான் பக்கத்திலேயே குந்தியிருந்தேன். ஒரு பக்கம்தான் அதிகம் தேய்ந்திருந்தது. அதை மட்டும் மாற்றினால் போதாதா என்றேன். ஒரு காலில் புதுச் செருப்பும் ஒரு காலில் பழைய செருப்பும் போட்டு நடந்து பார் என்றாய். பேடை அழுத்தும் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பா நிரம்பி வழிகிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னாய். புதுப் பேடு ஒன்றை டப்பாவிலிருந்து எடுத்துப் பார்க்க நான் கை நீட்டினேன். பளாரென்று என் புறங்கையில் தட்டினாய்.

"கைய எடு. இப்பத்தான் பஜ்ஜி தின்னே. அந்த எண்ணெ போதும் பேடக் கெடுக்க."

வலித்தது. கோபம்கூட வந்தது. ஒரு விரல் பட்டதற்கா இந்த ஆர்ப்பாட்டம் என்று முணுமுணுத்தேன். நீ பேடை ஓரத்தில் மட்டும் பிடித்து, பூ வைப்பதுபோல் உள்ளே வைத்தாய். வேலை முடிந்ததும், பெடல் கெட்டியாகும்வரை என்னை மிதிக்க வைத்தாய். பிறகு ரிங் ரோட்டுக்குப் போய், ஓட்டுவதும் மெல்ல அழுத்தி வேகத்தைக் குறைப்பதுமாக முப்பது தடவை செய்யச் சொன்னாய். புதுப் பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும், அதுவரை திடீரென்று அழுத்தி மிதிக்காதே என்றாய். திரும்பும்போது வண்டி எண்ணெய் போட்ட கதவுபோலச் சத்தமில்லாமல் நின்றது. இந்த உவமையை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்குத் தசரா லீவு விட்டார்கள். எட்டு நாள் விடாத மழை. வேன் வீட்டு வாசலில் நனைந்துகொண்டே நின்றது. ஆயுத பூஜை அன்று காலையில் மழை விட்டதும் வண்டியைக் கழுவினேன். சக்கரத்து ஓட்டைகள் வழியாகப் பார்த்தால் டிஸ்க் முழுக்கத் துரு. இரண்டு தடவை பிரேக் மிதித்தால் அந்தத் துரு தானாகப் போய்விடும் என்று நீ எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். ஆனால் அன்று பூஜை. நம் வீடுகளில் அன்று ஒரு இரும்புச் சாமானாவது துருவோடு சாமி முன்னால் இருந்ததுண்டா? கையில் அரிவாள்மணை துடைத்த துணி இருந்தது, அதில் தேங்காயெண்ணெய் இருந்தது. விரலை ஓட்டைகளுக்குள் விட்டு, வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிச் சக்கரத்தைச் சுற்றவைத்து, டிஸ்க்கை நன்றாகத் துடைத்தேன். பளபளவென்று ஆயிற்று. இடது பக்கம் மட்டும்தான் செய்தேன். வலது பக்கம் சுவரை ஒட்டி நின்றது, அங்கே பார்ப்பதற்கு யாரும் இல்லை.

சக்கரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். எலுமிச்சம்பழத்தின்மேல் வண்டியை ஏற்றி இறக்கினேன். நீ உன் கொட்டகை பூஜையை முடித்துவிட்டு வந்து, பொரியும் கடலையும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாய். "வண்டி மாப்பிள்ளையாட்டம் இருக்குது" என்றாய்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த காலையில், முதல் நிறுத்தத்திலேயே வண்டி லேசாக வலது பக்கம் இழுத்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டாவது நிறுத்தத்திலும் இழுத்தது. புதுப் பேடு, இன்னும் பழகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இறங்கிப் பார்த்திருந்தால் போதும். மணியாகிவிட்டது என்று ஓட்டினேன். பள்ளிக்கூடத்துச் சரிவில் குறுக்குத் தெருவிலிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்தது. அழுத்தி மிதித்தேன். வலது சக்கரம் பிடித்தது, இடது பிடிக்கவில்லை. வேன் வலது பக்கம் திரும்பிக் காம்பவுண்டுச் சுவரில் மோதியது. முன்சீட்டில் இருந்த எட்டு வயதுக் குழந்தை கையை முன்னால் ஊன்றினாள். மணிக்கட்டு முறிந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று அவர்கள் போட்ட சத்தத்துக்குப் பிறகு என் வேனில் யாரும் கீச்சென்று விளையாட்டுக்குக்கூடக் கத்தியதில்லை.

மத்தியானம் வேனை உன் கொட்டகைக்கு இழுத்துவந்தார்கள். ஸ்டாண்டிலிருந்து டிரைவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். பிள்ளைகளின் பெற்றோர் நாலைந்து பேர் வந்தார்கள். மாவுக்கட்டுப் போட்டுக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு அவள் அப்பாவும் வந்தார். கத்தவில்லை, திட்டவில்லை. "ஏனாய்த்து இவரே?" என்று மட்டும் கன்னடத்தில் கேட்டார். என்ன நடந்தது என்று கேட்கும் முறையில்தான் கேட்டார். அந்தச் சாந்தம்தான் எனக்குப் பயமாக இருந்தது. நீ இடது சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாய்.

நான் சொன்னேன்: "ரெண்டு வாரத்துக்கு முன்னாடிதான் பேடு மாத்தினேன், சார். மாத்தினவன் என்ன போட்டானோ."

மாற்றினவன் இரண்டடி தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தான். உன் கை ஒரு கணம் நின்றது. பிறகு பேடைக் கழற்றினாய். அதன் முகம் கறுத்துப் பளபளத்தது. நீ அதை மூக்கருகே கொண்டுபோனாய். சூட்டில் தீய்ந்த தேங்காயெண்ணெய் வாசனை எனக்கும் வந்தது. அந்த நிமிஷம்தான் எனக்கு எல்லாம் புரிந்தது. அதுவரை நான் சொன்னது பயத்தில் சொன்னது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு நடந்ததற்கு அந்தச் சாக்கும் கிடையாது.

"எண்ணெ பட்டிருக்குது" என்றாய் நீ. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாய். "பூஜைக்குச் சக்கரத்துல என்ன போட்டே?"

"தண்ணி ஊத்திக் கழுவினேன். அவ்வளவுதான்" என்றேன்.

ஸ்டாண்டில் மூத்த டிரைவர் முன்னால் வந்தார். அவர் சொன்னால் மற்றவர்களுக்கு அதற்குமேல் பேச்சில்லை. "எண்ணெய் எப்படி வரும்? மாத்தினது உன் கைதானே? கிரீஸ் கையோட போட்டிருப்பே" என்றார். நீ உன் கைகளைப் பார்த்துக்கொண்டாய். இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிய கை. ஒரு பஜ்ஜி விரல் படுவதற்கே என்னை அடித்த கை. நீ மறுபடியும் என்னைப் பார்த்தாய். நான் தரையில் கிடந்த நட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நாலுதான் இருந்தன. அதைத் திரும்பத் திரும்ப எண்ணினேன்.

நீ கையை உதறியிருக்கலாம், என் சட்டையைப் பிடித்திருக்கலாம். பேடைச் செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு வேறு ஒரு ஜோடி எடுத்துவந்தாய். டிஸ்க்கைக் கழுவித் துடைத்து, இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டுக் கொடுத்தாய். அதை அவர்கள் நீ தப்பை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். நானும் எதுவும் சொல்லவில்லை.

இரண்டு வாரத்தில் ஸ்டாண்டு வண்டிகள் உன் கொட்டகைக்கு வருவது நின்றது. பன்னிரண்டு வண்டி. உனக்கு வேலை என்று இருந்ததே அவைதான். ஒரு நாள் நான் அந்தப் பக்கம் போனபோது நீ சும்மா உட்கார்ந்து ஒரு பழைய கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தாய். உட்கார் என்றுகூடச் சொல்லவில்லை.

"நீ எண்ணெ போட்டேன்னு சொல்ல வேண்டாம்" என்றாய். "உன்ற பொழப்பு எனக்குத் தெரியும். நீ போயி அந்தக் கொழந்தையோட அப்பங்கிட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லு. அவன் போட்டப்போ பேடு சுத்தமாத்தான் இருந்துதுன்னு. ஸ்டாண்டுலயும் சொல்லு. அது போதும் எனக்கு."

"சொல்றேன்" என்றேன். "கொழந்தைக்குக் கட்டுப் பிரிக்கட்டும். இப்பப் போனா கோவமா இருப்பாங்க."

நீ அலமாரியிலிருந்து செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து என் மடியில் போட்டாய். "இத நீயே வெச்சுக்க. என்ற கிட்ட இருந்தா என்னைக்காவது கோவத்துல எவனுக்காவது காமிச்சுருவேன்."

அன்றைக்கு உன் கையில் இருந்த ஒரே சாட்சி அதுதான். அதையும் என்னிடமே கொடுத்துவிட்டாய். நான் அதை வாங்கிக்கொண்டு போனேன். வெட்கம் கெட்டவன், ஒரு நிம்மதிகூட வந்தது எனக்கு.

கட்டுப் பிரித்தார்கள். அவள் பரீட்சை முடியட்டும் என்றேன். பரீட்சை முடிந்தது. லீவில் எல்லோரும் ஊருக்குப் போயிருப்பார்கள், பள்ளி திறக்கட்டும் என்றேன். பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. அவள் அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டதாம். எந்த ஊர் என்று நான் விசாரிக்கவில்லை. உன்னிடம் வந்து, "அவங்க ஊரை விட்டே போயிட்டாங்களே" என்று சொன்னேன். நீ சிரித்தாய். "அப்ப ஸ்டாண்டுல சொல்லு, அவங்க அங்கயேதான் நிக்கறாங்க" என்றாய். அதன்பிறகு நீ அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. நீ கேட்கவில்லை என்பதையே நான் ஒரு மன்னிப்பாக எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது.

கொட்டகையைப் பிரித்துவிட்டு நஞ்சன்கூடு ரோட்டில் ஒரு பெரிய கேரேஜில் நீ வேலைக்குச் சேர்ந்தாய். சொந்தக் கொட்டகையில் இருந்தவன் இன்னொருவன் விசில் அடித்தால் எழுந்து போகிற இடம் அது. வீட்டையும் அந்தப் பக்கமே மாற்றிக்கொண்டாய். என் மகள் கல்யாணத்துக்கு வந்தாய். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ரசம் நல்லா இருக்குது, இன்னொரு தடவ வாங்கு" என்றாய். அன்றைக்குக்கூட அந்த ஒரு வாக்கியத்தை நான் உன் காதில் சொல்லியிருக்கலாம். ரசத்தைத்தான் வாங்கிக் கொடுத்தேன்.

நெஞ்சு வலி என்று உன்னைக் கொண்டுபோன செய்தியும் நீ போய்விட்ட செய்தியும் எனக்கு ஒரே போனில் வந்தன. கௌதள்ளிக்குப் பஸ் ஏறி வந்தேன். உன் மனைவி என்னைப் பார்த்து, "உங்க சிநேகிதர் போயிட்டாருங்களே, அண்ணா" என்று அழுதாள். நான் எதற்கு அழுதேன் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கே சரியாகத் தெரியாது.

இனி இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

வீட்டு பூஜை முடிந்து வேனை ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனேன். எல்லா வேன்களுக்கும் வாழைக்கன்றும் செண்டுமல்லி மாலையும் கட்டி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பூசணிக்காய் உடைக்க மூத்த டிரைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். நான் கடைசியாகக் கதவுக் கீலுக்கு எண்ணெய்த் துணி போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வேன்காரப் பெண் ஓடி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், நம் தமிழ்ப் பெண்தான். ஸ்டாண்டுக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, நீ அவளைப் பார்த்திருப்பாய் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"அண்ணா, அண்ணா, ஸ்வல்ப நில்லுங்க! அந்தத் துணியச் சக்கரத்துக்கிட்ட மட்டும் கொண்டு போகாதீங்க. டிஸ்க்குல எண்ணெ பட்டா ஆய்த்து, முடிஞ்சுது கதை."

"உனக்கு யார் சொன்னாங்க?" என்றேன்.

"நஞ்சன்கூடு ரோட்டு கேரேஜ்ல ஒரு பிரேக் மேஸ்திரி இருந்தாரு. பாவம், போயிட்டாரு. என் பழைய வண்டிக்கு அவருதான் பாப்பாரு. வருஷா வருஷம் தசராக்கு முன்னாடி வர்ற டிரைவருங்க எல்லாரையும் நிக்க வெச்சுச் சொல்வாரு. 'ஒரு ஆயுத பூஜைக்கு இரும்பாச்சேன்னு நானே டிஸ்க்குக்குத் தேங்காயெண்ணெ தொடச்சுட்டேங்க. ஒரு கொழந்தைக்குக் கை முறிஞ்சுது. நான் பண்ணின தப்ப நீங்க பண்ணாதீங்க'ன்னு."

நான் வேன் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

சந்தில் என் டிஸ்க்கில் யார் எண்ணெய் போட்டது என்று யாரும் சொல்லாமலே நீ கண்டுபிடித்திருந்தாய். அது எனக்குத் தெரியும். ஆனால் தேங்காயெண்ணெய், பூஜை, இரும்பு என்று அத்தனையும் அப்படியே எடுத்து உன் தலையில் வைத்துக்கொண்டாயே, அது எனக்குத் தெரியாது. எனக்காகச் செய்தாய் என்று நினைத்துக்கொள்ள ஆசைதான். அதற்குக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. நீ பிரேக்குக்காகச் செய்திருப்பாய். யாரோ ஒருவன் செய்தான் என்று சொன்னால் டிரைவர்கள் கேட்க மாட்டார்கள். யார் என்று கேட்டால் என் பெயர் வரும். நானே செய்தேன் என்றால் கேட்பார்கள். அவ்வளவுதான் உன் கணக்கு. உன் பெயர் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது, அதனால் உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டாய்.

நான் எழுந்து நின்றேன். ஒன்பது வருஷம் கழித்து வாயைத் திறந்தேன்.

"அது அவன் இல்லம்மா. நான். என் வண்டி. நான்தான் எண்ணெ தொடச்சேன். அவன் போட்டப்போ பேடு சுத்தமாத்தான் இருந்தது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேனுக்குள் போய் டாஷ்போர்டு அறையில் இத்தனை வருஷமாகக் கிடந்த உன் பொட்டலத்தை எடுத்துவந்து பிரித்துக் காட்டினேன். செய்தித்தாள் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பேடின் கறுத்த முகம் இன்னும் பளபளத்தது.

அந்தப் பெண் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. "அவரு சொன்ன பேடு இதுதானாண்ணா? இதக்கூடப் பத்திரமா வெச்சிருக்கீங்களே" என்றாள். "அவரே தன் வாயால சொன்னதுண்ணா. நான் என் காதால கேட்டேன். போனவர் பேரு கெடக்கூடாதுன்னு நீங்க உங்க மேல எடுத்துக்கறீங்க. இந்த மாதிரி சிநேகிதம் யாருக்குக் கெடைக்கும்?"

இல்லை என்று கத்தினேன். உண்மையாகவே கத்தினேன். மூத்த டிரைவர் வந்து என் தோளில் கை வைத்தார். "பிடு குரு, ஹளே விஷயா. பூஜை நாள்ல எதுக்கு?" என்றார். விடு, பழைய விஷயம் என்றார். அவர் கண்ணைப் பார்த்தேன். அவர் நம்பவில்லை என்று சொல்ல மாட்டேன். நான் சொல்வது உண்மையானால் அன்றைக்கு உன் கையைப் பார்த்து அவர் சொன்னது என்ன ஆவது? பன்னிரண்டு வண்டிகளும் உன் கொட்டகையைத் தாண்டிப் போனது என்ன ஆவது? அவருக்கு நான் ஒரு நல்ல சிநேகிதனாக இருப்பதுதான் சௌகரியம்.

யாரோ டீ வாங்கிவந்து என் கையில் கொடுத்தார்கள். எல்லோரும் என்னை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தார்கள். இதைத்தான் உன்னிடம் சொல்ல வந்தேன். அந்த டீயை நான் குடித்தேன். கீழே ஊற்றியிருக்க வேண்டும். குடித்தேன். உன்னிடமிருந்து எடுத்துக்கொள்ள இன்னும் ஏதாவது மிச்சம் இருந்தால் அது இந்த நல்ல பெயர்தான். அதையும் இன்றைக்கு எடுத்துக்கொண்டுவிட்டேன்.

பூசணிக்காய் உடைத்ததும் நேராக ஸ்டிக்கர் கடைக்குப் போனேன். பூஜை நாள், வண்டிகள் வரிசையில் நின்றன. எல்லோரும் பின்கண்ணாடியில் சாமி பெயர், பிள்ளைகள் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தபோது, கன்னடத்தில் பெரிய எழுத்தாக ஒட்டச் சொன்னேன்: அவன் போட்டபோது பேடு சுத்தமாக இருந்தது.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "எந்த பேடு? யாரு போட்டது?" என்று கேட்டார்.

சொன்னேன். முதலிலிருந்து கடைசிவரை, வரிசையில் நின்றவர்கள் ஹாரன் அடிக்க அடிக்கச் சொன்னேன். அவருக்கு உன்னைத் தெரியாது, என்னைத் தெரியாது. என்னை நல்லவன் என்று நினைக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. அதனால் நம்பினார். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்பவே ஏன் சொல்லலே?"

நான் சட்டை நுனியால் பின்கண்ணாடியைத் துடைத்தேன். அவர் கத்தரிக்கோலை மறுபடி எடுத்தார். பிறகு எழுத்துகளை ஒவ்வொன்றாக உரித்து ஒட்ட ஆரம்பித்தார். ஒட்டி முடிக்கும்வரை நான் பக்கத்தில் தலைகுனிந்து நின்றேன்.

நாளை மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிறது. முதல் நிறுத்தத்தில் எப்போதும்போல இரண்டு தடவை மிதித்து, வண்டி நேராக நிற்கிறதா, எந்தப் பக்கமாவது இழுக்கிறதா என்று பார்ப்பேன். நான் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் எனக்குப் பின்னால் வந்து நிற்கிறவர்கள் அதைப் படிப்பார்கள். யாராவது இறங்கி வந்து கேட்டால், உன்னிடம் சொல்லாததை அவர்களிடம் சொல்வேன்.